ஆடாமல் நின்ற கண்ணாடி

ஜக்கம்மாளை நான் முதலில் பார்த்தது அவருடைய கடையில். கல்லூரி ஆண்டு விழாவுக்கு லேசர் வெளிச்சம் காட்ட ஆள் பேசிவிட்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள். போடி பஸ் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏலக்காய்க் கிடங்குகளுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு கடை. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் குனிந்து, சின்னக் குறடு ஒன்றால் எதையோ பிடித்தபடி ஒரு பெண்.

“அக்கா, லேசரு...” என்று ஆரம்பித்தேன்.

“மூச்ச அங்கிட்டு விடு அப்பு. பறந்துரும்.”

குறட்டு நுனியில் இருந்தது ஒரு கண்ணாடித் துண்டு. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூடத் தேறாது. நான் குரங்கணிப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கப் போகிற முதல் தலை, அதுவும் இயற்பியல். சும்மா இருப்பேனா? இப்படி இரண்டு கண்ணாடி இருக்கும், ஒன்று ஒளியை இடமும் வலமுமாக ஆட்டும், இன்னொன்று மேலும் கீழுமாக ஆட்டும், ஆட்டும் வேகத்தில் ஒரே புள்ளி ஓடி ஓடிப் படமாகத் தெரியும், நம் கண்ணுக்கு அது ஓடுவதே பிடிபடாது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“எல்லாம் சரித்தான். ஆடாம நின்னுபோனா என்ன ஆகும்?”

“படம் வராதுக்கா.”

“படம் வராதாம்ல,” என்று உள்ளே வயர் சுற்றிக்கொண்டிருந்த கணவர் ராக்கையாவிடம் சொன்னார். ராக்கையா என்னைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார், கோழி பார்ப்பதுபோல. சிரித்தார். ஜக்கம்மாள் குறட்டை வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினார். அங்கே ஆணியில் ஒரு பழைய கரும்பலகை தொங்கியது. அதில் சாக்பீஸில் எழுதிய ‘அ’ பாதி அழிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கரிந்த ஒரு புள்ளி.

“பதிலு அதுல இருக்கு. ஒக்காரு, டீ வருது.”

அன்றைக்கும், பிறகு பல சாயங்காலங்களிலும் அவர் சொன்னதும், ராக்கையா குறுக்கே விழுந்து சொன்னதும்தான் கீழே இருப்பது.

*

ஜக்கம்மாளின் கண்ணும் விரலும் ஏலக்காயில் பழகியவை. பதினொரு வருடம் கிடங்கில் காய் பொறுக்கினார். வெள்ளைத் துணியில் கொட்டிய குவியலில் வெடித்த காய், வெளிறிய காய், பூச்சி கடித்த காய் எல்லாம் அவர் விரலில் தானாக வந்து மாட்டும். சல்லடையில் போடாமலே எட்டு எம்.எம். காயையும் ஏழு எம்.எம். காயையும் தனித்தனியே ஒதுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், “ஏய், ஒனக்கு விரல் நுனியில கண்ணு மொளச்சிருக்குடி,” என்பார்கள்.

ராக்கையா ரேடியோ செட்டும் சீரியல் பல்பும் கட்டுகிறவர். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு போடிக்கு இறங்கி வந்தவர். ஊர் ஊராக லேசர் வெளிச்சம் வர ஆரம்பித்ததும் அவரும் மதுரையில் ஒரு பழைய பெட்டியை வாங்கிவந்தார். மைக் செட்டுக்காரர் என்ற பெயர் போய் லேசர் ராக்கையா ஆனார். தேர், மயில், சூலம், சிலுவை, கட்சிக் கொடி, யார் எதைக் கேட்டாலும் வானத்தில் வரைந்து காட்டினார்.

ஒருநாள் கடைச் சுவரில் பெட்டியைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். மயில் திடீரென்று ஒரு கோடாகச் சுருங்கியது. என்ன கோளாறு என்று பெட்டியின் வாய்க்கு நேரே குனிந்தார். கோடும் புள்ளியானது. வலி இல்லை, சத்தம் இல்லை.

“ஜக்கு, ஏன் லைட்ட அமத்துன?” என்றார்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஓடுகிறவரை அந்தப் புள்ளி படம். நின்றால் ஊசி. மதுரையில் கண் டாக்டர், இடது கண்ணுக்குள் நட்டநடுவில் ஓர் இடம் வெந்துவிட்டது, அது இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார். ராக்கையா அந்தக் கண்ணால் ஒருவரைப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, சுற்றிலும் காது மட்டும் தெரியும்.

“கெட்டதுலயும் ஒரு நல்லது. இவ மொறைக்கிறது பாதிதான் தெரியும்,” என்று இப்போது சிரிக்கிறார். அப்போது சிரிக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். ஜக்கம்மாள் அதைத் திறந்தார். மேலும் கீழும் ஆட்டுகிற கண்ணாடி, தன் தண்டிலிருந்து கழன்று, மற்றக் கண்ணாடியையும் ஆடவிடாமல் முட்டிக் கிடந்தது. விற்ற கடைக்காரர் ஒட்ட முடியாது என்றார். இரண்டு குழாயைப் பிதுக்கிக் கலக்கும் பசையை வாங்கி, காய் பொறுக்கிய அதே விரல்களால் மூன்று நாள் முயன்று அவரே ஒட்டினார். பசை கெட்டியானால் கல். சூடு மட்டும் ஆகாது என்று அதன் அட்டையில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து பெட்டி அவர் பொறுப்பு. வெளிச்சம் ஆட்களின் தலைக்கு மேலேதான் போக வேண்டும், வெளிச்சத்தை நொடியில் அணைக்கும் சிவப்புப் பொத்தான் மேல் தன் கட்டைவிரல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் அவர் சுவிட்சைப் போட்டதில்லை.

இன்னொரு கண்ணுக்கு இது நடக்கக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் கணக்கு.

*

நாலு வருடத்துக்கு முன்னால் தை மாதம். ராக்கையா பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் பொங்கல். ஸ்டோர் சுவரில் அம்மன் முகத்தை வெளிச்சத்தில் வரைய வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்துக் கங்காணி வெள்ளைத்துரைதான் கமிட்டித் தலைவர். கூலியாளாய்த் திரிந்த இடத்தில் லேசரோடு போய் இறங்குவதென்றால் ராக்கையாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விடியுமுன்னே வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஜக்கம்மாள் மற்ற சாமான்களோடு மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தார்.

மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நாலரை மணிக்கே பத்தடி தள்ளி நிற்கிற ஆள் மங்கலாகத் தெரிந்தார்.

“பெட்டி எங்க?”

“பத்திரமா இருக்கு. இந்தா கொண்டாரேன்,” என்று போன ராக்கையா பெட்டியோடு வந்தார். ஜக்கம்மாள் வாங்கக் கை நீட்டினார். பெட்டி சுட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பைப்போல. ஏலக்காய் வாசம் குப்பென்று அடித்தது.

“எங்க வச்சிருந்தீங்க?”

“ஸ்டோர்லதான். காலையிலயே சாரல் புள்ள. நனஞ்சுரும்னு...”

ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். மலையில் எது நனைந்தாலும் அங்கேதான் போகும். ஸ்வெட்டர், தீப்பெட்டி, ரேஷன் அட்டை, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த போன். ஈரத்திலிருந்து ஒரு பொருளைக் காப்பாற்ற அந்த மலையில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே பிறந்த ராக்கையாவுக்குக் கை தானாக அந்தக் கதவைத்தான் திறக்கும்.

“எத்தன மணிக்கு வச்சீங்க?”

“ஏழு இருக்கும்.”

“உள்ள எம்புட்டுச் சூடு?”

பக்கத்தில் நின்ற வெள்ளைத்துரை நெஞ்சை நிமிர்த்தினார். “அம்பத்தஞ்சு டிகிரி தங்கச்சி. ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது. இந்த மலையில நம்ம காய் மாதிரி பச்ச எவன் காயிலயும் வராது.”

ஜக்கம்மாள் அப்படியே கீழே உட்கார்ந்தார். ஒன்பதரை மணி நேரம்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். இரண்டு கண்ணாடியும் இருந்த இடத்தில் இருந்தன. குறட்டு நுனியால் லேசாகத் தொட்டார். அசையவில்லை. பசை ஓரத்தில் மட்டும் ஒரு மினுமினுப்பு. முன்னே இருந்ததா, இப்போது வந்ததா? அவரால் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் விரலுக்கு ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

“ஏங்க, இன்னிக்கு வேணாம்.”

ராக்கையா முகம் செத்துப்போனது. “நானூறு சனம் குளிச்சு முழுகி வந்து நிக்கிது. எங்க சித்தப்பன் மகன் சூரியநெல்லியில இருந்து வந்திருக்கான். என்னன்னு சொல்றது? ஸ்டோர்ல வச்சு வேகவச்சுட்டேன்னா?”

“கண்ணு போயிருச்சுன்னா அதுக்கு என்ன சொல்றது?”

ராக்கையா தலையைத் திருப்பிக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாம் என்று ஜக்கம்மாளுக்கே பட்டது.

வெள்ளைத்துரை இடையில் புகுந்தார். “சாரமில்ல தங்கச்சி, பரவால்ல, பயப்படாத. ஆத்தா காரியம். ஒரு அஞ்சு நிமிசம் காட்டிட்டு அமத்திரு.”

“அண்ணே, ஆத்தாவுக்கு ஒண்ணும் ஆகாது. பாக்குற பிள்ளைகளுக்குத்தான்.”

“பிள்ளைக சுவத்தப் பாத்துதான ஒக்காந்திருக்கும்? வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்துதான வருது?”

“பெரியவுகதான் அண்ணே படத்தப் பாப்பாக. பிள்ளைக திரும்பி, எங்கருந்து வருதுன்டு பாக்கும்.”

வெள்ளைத்துரை நகரவில்லை. அவருக்குப் பின்னால் பட்டுச் சேலையும் அதன்மேல் ஸ்வெட்டருமாகப் பெண்கள் சரிவில் இடம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேட்டில் ஸ்டோர் சுவர், வெள்ளையடித்து வைத்திருந்தது. அதற்குக் கீழே சரிவில் ஆட்கள். சரிவின் அடியில் ஜீப். ஜீப்பின் கூரையில் பெட்டியை ஏற்றினால் வெளிச்சம் தலைகளுக்கு மேலே ஏறிச் சுவரில் விழும். கண்ணாடி கழன்றால் எங்கே விழும்? பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது முழுக்கவும் ஆட்கள்.

ஜக்கம்மாள் எழுந்தார். “எனக்கு ஒரு பலகை வேணும். கனமா, கறுப்பா.”

அங்கன்வாடியில் ஒன்று இருந்தது. ஆசிரியை புஷ்பலதா தானே தூக்கிவந்தார். “பிள்ளைங்க எழுதுனது இருக்கு. அழிச்சிறாதீங்கக்கா, நாளைக்குப் பாத்துட்டு அழும்.”

பெட்டிக்கு ஒரு முழம் முன்னால், ஜீப் கூரைக் கம்பியில் பலகையை நிறுத்தினார்கள். வெள்ளைத்துரையைச் சரிவின் உச்சியில், முதல் வரிசைக்கும் மேலே போய், தலைக்கு மேல் கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார் ஜக்கம்மாள். மின்சார வயரைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியின் வாயருகே கன்னத்தை வைத்துப் பார்த்தார். மூட்டம் சற்று விலகியபோது, பலகையின் மேல்விளிம்புக்கு மேலே கம்பு நுனி தெரிந்தது.

“பலகைய இன்னும் தூக்குங்க. இன்னும். ஒரு நூலு... போதும், கட்டுங்க.”

இப்போது பலகைக்கு மேலே சுவர் மட்டும். ஆள் தலை ஒன்றுகூட இல்லை. கீழே இறங்குகிற வெளிச்சம் எதுவும் பலகையைத் தாண்ட முடியாது.

“எம்புட்டு நேரம்தான் கம்பப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்? ஆடு மேய்க்கிறவன் கணக்கா இருக்கு!” என்று மேலேயிருந்து வெள்ளைத்துரை கத்தினார். சரிவெல்லாம் சிரித்தது. ஜக்கம்மாள் சிரிக்கவில்லை.

*

ஆறே முக்காலுக்கு இருட்டியது. கொட்டு நின்றது. ஜக்கம்மாள் சுவிட்சைப் போட்டார். முதலில் ஒரு வட்டம் மட்டும். சுவரில் பச்சையாக எழுந்து நின்றது. வட்டம் சேருமிடத்தை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிசகவில்லை.

“போடு புள்ள,” என்றார் ராக்கையா, தாழ்ந்த குரலில்.

சூலம் வந்தது. மூட்டத்துக்குள் வெளிச்சம் பச்சைத் துணி விரித்ததுபோல் தலைகளுக்கு மேலே போனது. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்து கிரீடம், நெற்றி, மூக்குத்தி, விரிந்த கண்கள். அம்மன் முகம் சுவர் உயரத்துக்கு எழுந்ததும் சரிவே எழுந்து கும்பிட்டது.

ஜக்கம்மாள் சுவரைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுபோலவே ஒவ்வொன்றாகத் திரும்பின. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி, ஜீப்பை ஒட்டிய கடைசி வரிசையில், முழுக்கத் திரும்பி முழங்காலில் நின்று ஜீப்பையே பார்த்தாள். பலகை இருக்கிறது, பலகை இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் உச்சியில், சுவரோரம், ஒரு தகப்பன் தன் பையனைத் தோளில் தூக்கினான். பையன் வெளிச்சத்தைப் பிடிக்க இரண்டு கையையும் உயர்த்தினான்.

கட்டைவிரல் அழுத்தியது. அம்மன் அணைந்தாள்.

“ஏம்மா! ஆத்தா கண்ண முழிச்சவொடனே அமத்துறியே!”

“கரண்ட்டுக் கம்பெனிக்காரியா நீயி?”

“பிள்ளய எறக்குங்க! மேல, சுவத்தோரம்! பிள்ளய எறக்குங்க!” ஜக்கம்மாளின் குரல் சத்தத்தில் முங்கியது. ராக்கையா இருட்டில், ஒற்றைக் கண்ணோடு, ஆட்களை மிதிக்காமல் சரிவில் ஏறி ஓடினார். பையன் இறங்கினான். தகப்பன் என்னவோ வைதான். ராக்கையா அங்கிருந்தே கையை ஆட்டினார்: போடு.

ஜக்கம்மாள் போடவில்லை. இந்த இடத்தோடு விட்டுவிடலாம். கோளாறு என்று சொல்லிவிடலாம். நானூறு பேர் கத்தினார்கள். வெள்ளைத்துரை ஜீப் கதவைத் தட்டினார். “தங்கச்சி, வெரசாப் போடு! ஆத்தா மூஞ்சிய பாதியில விட்டா நாளப்பின்ன தோட்டத்துல ஒரு பிள்ளைக்குக் காச்சல் வந்தாலும் ஓம்மேலதான் சொல்லுவாங்க!”

மேலே கணவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜக்கம்மாள் சுவிட்சைப் போட்டார்.

கண்ணாடிகள் துள்ளி எழுந்தன. அம்மன் முகம் வந்தது. மூன்று எண்ணுவதற்குள் முகம் நடுங்கியது. கிரீடம் நெற்றிக்குள் இறங்கியது, நெற்றி கண்ணுக்குள் இறங்கியது. முகம் மொத்தமும் ஒரு கோடாகப் படுத்தது. கோடு சுவரிலிருந்து நழுவி, ஆட்களை நோக்கிக் கீழே விழுந்து, காணாமல் போனது.

பலகையில் நின்றது. இருந்த கோடும் சுருங்கி, ஒரே புள்ளியாக, சாக்பீஸ் எழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாய்க் கொதித்தது. பெயின்ட் கருகும் வாடை. மெல்லிய நூலாகப் புகை.

கட்டைவிரல் ஏற்கெனவே பொத்தானில் இருந்தது. அழுத்தி முடித்தபிறகும் எடுக்க வரவில்லை.

“என்னம்மா இது, விளையாட்டா?” வெள்ளைத்துரை ஜீப்பில் ஏறிவிட்டார், சண்டைக்குத்தான். ஜக்கம்மாள் பலகையில் டார்ச் அடித்தார். ஏலரிசி அளவில் ஒரு புள்ளி, ஓரம் சிவந்து இன்னும் கனன்றது. வெள்ளைத்துரை விரலை வைத்தார், சுரீரென்று இழுத்துக்கொண்டார். விரலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சத்தம் இறங்கியது.

“இது... அங்கிட்டுப் போயிருந்தா?”

மேலேயிருந்து ராக்கையா வந்து சேர்ந்திருந்தார். வயரைப் பிடுங்கினார். பெட்டியின் வாயில் நல்ல கண்ணை வைத்து, பலகையில் புள்ளி இருந்த இடத்தில் விரலை வைத்துக் குறிபிடித்துக்கொண்டார். பிறகு பலகையைக் கழற்றச் சொன்னார். விரல் மட்டும் காற்றில் அப்படியே நின்றது. விரலுக்கு நேரே, மூட்டத்துக்குள், மஞ்சள் ஸ்வெட்டர். அவள் இன்னும் ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மறுபடி வெளிச்சம் வருமென்று.

ராக்கையா கையை இறக்கினார். “ஸ்டோர்ல வச்சது நான் ஜக்கு.”

“ஒட்டுனது நான். மறுபடி சுவிட்சப் போட்டதும் நான்.”

வெள்ளைத்துரை தொண்டையைக் கனைத்தார். ஜீப் கூரையில் எழுந்து நின்று சரிவைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “ஆத்தா இன்னிக்கு இம்புட்டுத்தான் மூஞ்சி காமிப்பாளாம்! போங்க, பொங்கப் பானைய எறக்குங்க, பொங்கி வழியுது!”

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். கொட்டு மறுபடி ஆரம்பித்தது. புஷ்பலதா பலகையை வாங்க வந்தவர், டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, “இத நீங்களே வச்சுக்கங்க. பிள்ளைகளுக்கு வேற வாங்கிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

“பலகை காப்பாத்துச்சுன்டு எல்லாரும் சொல்றாக. முடியாதுன்டு நான் சொல்லிருக்கணும் அப்பு. ரெண்டு தடவ சொல்ல எடம் இருந்துச்சு. ரெண்டு தடவயும் விட்டுட்டேன்,” என்றார் ஜக்கம்மாள் என்னிடம். இதைச் சொல்லும்போது அவர் கை மேசைத் துணியில் இல்லாத காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கல்லூரி விழாவுக்கு அவர் வரவில்லை. மொட்டைமாடியில் நிற்கிற பையன்களின் தலை உயரத்துக்கு மேலே வெளிச்சம் போக இடமில்லை என்று வந்து அளந்து பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஜக்கம்மாளுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. அதே கடையில் இருக்கிறார். பழைய பெட்டியைப் பிரித்துப் போட்டாகிவிட்டது. கண்ணாடி நின்றால் தானே அணைந்துவிடும் புதுப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார், அப்படியும் கரும்பலகை இல்லாமல் ஜீப் ஏறுவதில்லை. தேனி, கம்பம் பக்கத்து லேசர்க்காரர்கள் கண்ணாடி ஒட்ட அவரிடம்தான் வருகிறார்கள். ராக்கையா சாமான் ஏற்றி இறக்குகிறார், விழா இடத்தில் முதலில் போய்ப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார். அவருடைய இடது கண் அப்படியேதான் இருக்கிறது.